உப்பு இலாகாவில் ஒரு நாவலாசிரியர் – அ. மாதவையா

(புணேயில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் நவதிருப்பதி சேவித்திருப்பீர்கள். ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி என்று பார்த்துக்கொண்டே வந்து பெருங்குளத்தில் இறங்கி, மாயக்கூத்தனைச் சேவித்துவிட்டு, அடுத்த கோயில் நடை சாத்திவிடப் போகிறார்களே என்று அவசரமாக வண்டி ஏறியிருப்பீர்கள். அந்தப் பெருங்குளத்தில் 1872 ஆகஸ்ட் 16ஆம் தேதி பிறந்தவர்தான் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் அ. மாதவையா. தமிழில் நாவல் என்ற ஒன்று தோன்றிய காலத்தில் அதை நடக்கப் பழக்கியவர்களில் ஒருவர்.

நான் இலக்கியம் படித்தவன் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய கலால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். மாதவையாவை எனக்கு அறிமுகப்படுத்தியதும் அந்த இலாகாதான். தூத்துக்குடியில் இன்ஸ்பெக்டராக இருந்தபோது ஒரு மூத்த சகா பழைய அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைக் கொடுத்து, “படிச்சுப் பாரும், நம்ம டிபார்ட்மெண்ட் ஆசாமி எழுதினது” என்றார். அவர் சொன்னது சரிதான். மாதவையா வேலை பார்த்தது சென்னை ராஜதானியின் உப்பு, அப்காரி இலாகாவில். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கையில் இருந்த சட்டத்துக்கே ‘மத்திய கலால் மற்றும் உப்புச் சட்டம், 1944’ என்றுதான் பெயர். பிற்பாடுதான் உப்பு என்ற சொல்லை எடுத்தார்கள்.

அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1888 முதல் 1903 வரை ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாய் வரி. பிறகு படிப்படியாகக் குறைத்து 1907ல் ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். உப்பளத்தில் கூலிக்கு வாரும் ஏழைக்கும் அதே வரி, ஜமீன்தாருக்கும் அதே வரி. பாத்தியில் படிந்த உப்பை எடை போட்டு, முத்திரை வைத்து, திருட்டு உப்பு வெளியே போகாமல் காவல் காப்பது இலாகாவின் வேலை. கள்ளு, சாராய மேற்பார்வை இன்னொரு பக்கம். மேஜை நாற்காலி உத்தியோகம் அல்ல இது. ஊர் ஊராக அலைய வேண்டும், எல்லா ஜாதி ஜனங்களிடமும் பேச வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி மேலே எழுத வேண்டும். மாதவையாவின் எழுத்தைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி ஸ்தல விசாரணை ரிப்போர்ட் ஞாபகம் வருகிறது. யார், என்ன, எப்போது, யார் பொறுப்பு என்பது அதில் பூசி மெழுகாமல் வந்துவிடும்.

அவருடைய ஆரம்ப வாழ்க்கை அந்தக் காலத்து நம்மவர் பலருடையதைப் போன்றதே. திருநெல்வேலிச் சீமையில் பள்ளிப் படிப்பு. பதினைந்து வயதில் கல்யாணம். மனைவி மீனாட்சிக்கு அப்போது வயது பதினொன்று. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. வில்லியம் மில்லர் அங்கே பிரின்ஸிபாலாக இருந்து கொடிகட்டிப் பறந்த காலம். 1892ல் பி.ஏ. அதன் பிறகு போட்டித் தேர்வு எழுதி உப்பு இலாகா. ஷேக்ஸ்பியரும் தெரியும், கம்பனும் தெரியும். மில்லர் காலேஜில் படித்தார் என்பதற்காக அவரை மதம் மாறியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சிலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர் மாறவில்லை. கடைசிவரை நம் வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் நம் வீட்டைப் பற்றிப் பேசினார்.

அவர் பி.ஏ. தேறிய அதே 1892ல், சி.வி. சுவாமிநாதையர் நடத்திய ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடர்கதையை ஆரம்பித்தார். எழுதியவர் பெயரும் ‘சாவித்திரி’ என்றே இருந்தது. ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது அது. சில இதழ்கள் வந்து நின்றுவிட்டது. தமிழின் முதல் நாவல் என்று நாம் சொல்லும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சானது 1879ல். பி.ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ இதே விவேக சிந்தாமணியில் 1893ல்தான் தொடங்கியது. இருபது வயதுப் பையன் எழுதிய சாவித்திரியின் கதை நின்றுபோகாமல் இருந்திருந்தால் இலக்கியச் சரித்திரத்தில் வரிசையே கொஞ்சம் மாறியிருக்கும்.

நின்றுபோன அந்தக் கதையை அவர் விடவில்லை. பதினொரு வருஷம் கழித்து, 1903ல், திருத்தி எழுதி ‘முத்துமீனாக்ஷி’ என்ற பெயரில் புத்தகமாகக் கொண்டுவந்தார். படிப்பில் ஆசையுள்ள ஒரு சிறுமி, விவரம் தெரியும் முன் கல்யாணம், மாமியார் கொடுமை, கணவன் இறந்து கைம்பெண் ஆவது, கடைசியில் சிறுவயது முதல் தன்னை அறிந்த ஒருவனை மறுமணம் செய்துகொள்வது. கதை இவ்வளவுதான். ஆனால் இதை வெளியிலிருந்து ஒரு சீர்திருத்தக்காரர் பிரசங்கம் செய்யவில்லை. அந்தப் பெண்ணே “நான்” என்று பேசுகிறாள். அடுக்களையில் யார் என்ன சொன்னார்கள், எந்தச் சொல் எங்கே குத்தியது என்று அவள் சொல்லச் சொல்ல, படிக்கிறவனுக்குத் தன் வீட்டுக் கூடத்தில் நடப்பது போலத் தோன்றும். வேண்டாதவர்கள் இல்லாத ஊரில் உட்கார்ந்து எழுதினதல்ல இது. 1903 என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதவா விவாகத்துக்கு இடம் தரும் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் பந்துலு 1881ல் முதல் மறுவிவாகத்தை நடத்தி வைத்தார். அதற்காக அவர் பட்டது கொஞ்சமல்ல. தாம்பத்தியத்துக்குக் குறைந்த வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891ல் வந்தபோது, திலகர் போன்ற பெரிய தேசபக்தரே, அந்நிய சர்க்கார் நம் ஆசாரத்தில் தலையிடக் கூடாது என்று எதிர்த்தார். பெண்ணின் விவாக வயதைப் பதினான்கு என்று வைத்த சாரதா சட்டம் 1929ல் வந்து 1930ல்தான் அமலாயிற்று. சட்டம் ஒரு பக்கம் இருந்தது. அக்ரஹாரம் தன் போக்கில் இருந்தது. இடையில் யாராவது ஒருவர் உள்ளே வந்து பேச வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் ஓர் அத்தைப்பாட்டி இருந்தார். என் தாத்தாவின் அக்கா. முத்துமீனாக்ஷி வெளிவந்த காலத்தையொட்டி, பதின்மூன்று வயதில் கணவனை இழந்தவர். புக்ககத்தில் ஒருநாள்கூடக் குடித்தனம் செய்யவில்லை என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்து எப்போதும் மழித்த தலை, நார்மடி. ஏகாதசியன்று ஜலம்கூட வாயில் படாது. திதி, நட்சத்திரம் எல்லாம் விரல் நுனியில். பஞ்சாங்கம் பார்த்து நாங்கள் சரிபார்த்தால் பாட்டி சொன்னதுதான் இருக்கும். அவ்வளவு கணக்குத் தெரிந்தவருக்கு எழுத்து ஒன்றும் தெரியாது; யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் யாராவது வெளியே கிளம்பினால் எதிரில் வந்துவிடக் கூடாது என்று தாமாகவே கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றுகொள்வார். 1966ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக் கிளம்பினேன். முதல்நாள் ராத்திரி பேனாவுக்கு மசி போட்டு வைத்தாயா, ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்தாயா என்று என்னைத் துளைத்தெடுத்தவர் அவர்தான். காலையில் நமஸ்காரம் பண்ணலாம் என்று தேடினால் கிணற்றடியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். கூப்பிட்டேன். “போ, போ, திரும்பிப் பார்க்காமல் போ” என்றார்.

அறுபது வருஷம் அந்தக் கிணற்றடியில் நின்றவர் அவர். நம் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். ஃபோட்டோ மாட்டும்போதுகூட அவர்களுக்கு இடம் இருப்பதில்லை. அவர்கள் பேசியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்பதை எழுதி வைத்தவர் மாதவையா.

நாம் கூடியிருக்கும் இந்த ஊருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. மாதவையா சாவித்திரியை ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால், 1890 முதல், இதே புணேயில் ஹரி நாராயண் ஆப்டே தம் ‘கரமணூக்’ இதழில் ஒரு நாவல் எழுதிவந்தார். ‘பண் லக்ஷாத் கோண் கேதோ’ என்று பெயர், “ஆனால் யார் கவனிக்கிறார்கள்?” என்று அர்த்தம். அதிலும் யமு என்ற பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். அவளும் விதவையாகித் தலை மழிக்கப்படுகிறாள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருப்பார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. தாமிரபரணிக் கரைக்காரர் ஒருவருக்கும் முட்டா நதிக்கரைக்காரர் ஒருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது என்றால் வீட்டுக்கு வீடு நிலைமை எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். யமுவின் கதை துக்கத்திலேயே முடிகிறது. முத்துமீனாக்ஷிக்கு மாதவையா மறுவாழ்வு கொடுத்துவிட்டார். கதை என்ற முறையில் ஆப்டேயின் முடிவுதான் உண்மைக்குப் பக்கம். மாதவையாவுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. இதே ஊரில் 1893ல் கர்வே அவர்கள் ஒரு விதவையை மணந்து, பிறகு விதவைகளுக்கு ஆசிரமமும் வைத்தார். சென்னையில் பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911ல் பி.ஏ. தேறினார். முத்துமீனாக்ஷி வந்து எட்டே வருஷம். ஆக, மாதவையாவின் முடிவு வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது.

‘பத்மாவதி சரித்திரம்’ தான் அவருடைய பேர்சொல்லும் நாவல். முதல் பாகம் 1898, இரண்டாம் பாகம் 1899. ஏழைப் பையன் நாராயணன், அவன் படிப்பு, பத்மாவதியோடு கல்யாணம், சிநேகிதன் கோபாலன், பிறகு மனைவி மேல் காரணமில்லாத சந்தேகம் என்று கதை போகிறது. இங்கிலீஷ் படித்த கணவன், மனைவியும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். ஆனால் அதே படித்த மூளைதான் சந்தேகம் வந்தவுடன் பழைய அக்ரஹாரத்து ஆம்பிளையாக மாறிவிடுகிறது. பி.ஏ. பட்டம் வாங்கினால் மனுஷன் மாறிவிடுவான் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், பி.ஏ.க்காரரே இதை எழுதினார். அதனால்தான் இன்றைக்கும் படிக்க முடிகிறது.

குறை சொல்லாமல் விட்டால் நான் கலால் இலாகாக்காரன் ஆகமாட்டேன். உப்பளத்தில் உவர்நீரின் அடர்த்தி 25 டிகிரி பாமே வந்ததும் நல்ல உப்பு படிய ஆரம்பிக்கும். முப்பதை நெருங்கினால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்கு முன்னால் மிஞ்சின கசப்புத் தண்ணீரைத் திறந்து விட்டுவிட வேண்டும். மாதவையா சில இடங்களில் திறந்துவிட மறந்துவிடுகிறார். கதை நடந்துகொண்டிருக்கும், திடீரென்று நிறுத்திவிட்டு நமக்கு இரண்டு பக்கம் உபதேசம். வாசகன் தானே புரிந்துகொள்வான் என்ற நம்பிக்கை அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. ராஜமையர் நாவலில் இருக்கிற சிரிப்பும் விச்ராந்தியும் இவரிடம் குறைவு. ஆனால் ராஜமையர் 1898லேயே இருபத்தாறு வயதில் காலமாகிவிட்டார். மாதவையா இன்னும் இருபத்தேழு வருஷம் இதே சண்டையைப் போட வேண்டியிருந்தது.

இங்கிலீஷிலும் நாவல்கள் எழுதினார். ‘தில்லை கோவிந்தன்’ 1903ல் ‘பம்பா’ என்ற புனைபெயரில் வந்து, 1916ல் லண்டனில் மறுபதிப்பு ஆயிற்று. 1915ல் வந்த ‘கிளாரிந்தா’, தஞ்சாவூர் மராட்டிய பிராமண விதவை ஒருத்தியின் கதை. சரித்திரத்தில் இருந்தவள்தான். உடன்கட்டையிலிருந்து காப்பாற்றப்பட்டு, 1778ல் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் தேவாலயம் கட்டினாள். இன்றும் அந்த ஊரில் அதைப் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்பார்கள். 1923ல் நந்தனாரைப் பற்றி ‘நந்தா’ எழுதினார். ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என்று கல்யாணச் சீர்திருத்தம் பற்றி எழுதிய சிறுகதைகள் முதலில் இங்கிலீஷில் ‘ஹிந்து’ பத்திரிகையில் வந்து பிறகு அவராலேயே தமிழாயின. சாவித்திரி, பம்பா, குசிகர் என்று எத்தனை பெயர்கள் பாருங்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர் பெயரை மறைத்துக்கொள்வது எதனால் என்று நம் போன்ற பென்ஷன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது என் ஊகம்தான்; ஆனால் முப்பத்தைந்து வருஷ சர்வீஸின் ஊகம்.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சுக்குத் தலைப்புக் கொடுத்தபோது ஒரு நண்பர் உரிமையோடு கேட்டார்: “சார், வெளியில் நம்மை ஏசுகிறவர்கள் போதாதா? நம் சங்கத்திலேயே நம்மைக் குறை சொன்னவரைக் கொண்டாட வேண்டுமா?” நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். ஜஸ்டிஸ் கட்சி உருவானது 1916ல். பெயரில்லாத சாவித்திரி விவேக சிந்தாமணியில் பேச ஆரம்பித்தது அதற்கு இருபத்து நான்கு வருஷம் முன்பு. மற்றவர் சுட்டிக்காட்டிய பிறகு தலைகுனிந்து ஒப்புக்கொண்டதல்ல. நாமே முதலில் சொன்னோம். இந்த “நாமே” என்ற வார்த்தையைச் சொல்லிக்கொள்ள நமக்கு யோக்யதை இருக்கிறதென்றால் அது மாதவையா போன்ற நாலைந்து பேரால்தான். நம் மலர்களில் ராமானுஜன், சி.வி. ராமன், நீதிபதிகள், சங்கீத வித்வான்கள் என்று படம் போட்டுப் பெருமைப்படுகிறோம். போட வேண்டியதுதான். அந்த வரிசையில் ஒரு முறைகூட நான் மாதவையாவைப் பார்த்ததில்லை. ராமனுடைய கண்டுபிடிப்பு நம்மை ஒன்றும் கேட்பதில்லை. இவர் கேட்கிறார்.

எல்லாம் மாறிவிட்டதே, இப்போது எதற்கு என்றும் சொல்லலாம். மாறித்தான் இருக்கிறது. நம் பெண்கள் விண்கலத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் பாட்டி, எண்பது வயதிருக்கும், பட்சணத்திலிருந்து பாலிகை வரை பார்த்துப் பார்த்துச் செய்தவர். பெண்ணை வளர்த்ததே அவர்தான். ஊஞ்சலில் பச்சைப்பிடி சுற்ற எல்லோரும் கூடியபோது அவர் ஐந்தாறு வரிசை தள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வாருங்கள் என்றும் கூப்பிடவில்லை. எந்த சாஸ்திரத்தில் இப்படி இருக்கிறது என்று இங்கே இருக்கும் வைதிகாள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மாதவையா உத்தியோகத்தை வயது முடியும் முன்பே விட்டுவிட்டு மயிலாப்பூரில் வீடு கட்டிக்கொண்டு, சொந்தமாக அச்சகமும் வைத்து, 1924ல் ‘பஞ்சாமிர்தம்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதில்தான் எழுதிவந்தார். முடியவில்லை. 1925 அக்டோபர் 22ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர், அங்கேயே உயிரை விட்டார். வயது ஐம்பத்து மூன்று.

குழந்தைகள் எட்டுப் பேர். ஒரு பிள்ளை அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறி, 1966ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். அவரும் இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். கடைக்குட்டி மா. கிருஷ்ணன், காட்டு விலங்குகளைப் பற்றி எழுதியவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950லிருந்து 1996ல் தாம் காலமாகும்வரை பத்தி எழுதினார். யானையைப் பற்றித் தமிழிலும் அவர் போல எழுத ஆள் இல்லை. தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதிய பெ.நா. அப்புசாமியும் அதே பெருங்குளம், நெருங்கிய உறவு. அப்புசாமியைத் தமிழில் எழுது என்று தூண்டியவர் மாதவையா. எங்கள் தலைமுறை விஞ்ஞான மாணவர்கள் அப்புசாமியின் தமிழில்தான் பல விஷயங்களை முதலில் படித்தோம். அந்த வகையில் எனக்கும் மாதவையா வீட்டில் ஒரு கடன் இருக்கிறது.

நம் சங்க நூலகத்துக்கு ‘முத்துமீனாக்ஷி’ இரண்டு பிரதியும் ‘பத்மாவதி சரித்திரம்’ ஒரு பிரதியும் வாங்கி வந்திருக்கிறேன். முத்துமீனாக்ஷி சின்னப் புத்தகம், ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். தமிழ் படிக்க வராத நம் பேரன் பேத்திகளுக்கு இரண்டு நாவல்களும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் வந்திருக்கின்றன. எடுத்துப் போகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினைந்து நாளில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.